தேடாதவர்களின் கட்டம்

கண்ணை மூடிக் கிடந்தால் தூங்குகிறேன் என்றுதான் வசந்தாமணி நினைத்துக்கொள்வாள், நினைத்துக்கொள்ளட்டும், வருசக்கணக்காக ராத்திரி வேலைக்குப் போகிறவனின் பெண்டாட்டிக்குப் புருசன் பகலில் தூங்குகிறானா, தூங்குகிற மாதிரி கிடக்கிறானா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, அவள் வாசல் நடையில் உட்கார்ந்து பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறாள், நறுக் நறுக்கென்று அந்தச் சின்னக் கத்தரி, கம்பெனிக்காரன் காலையில் மூட்டையைப் போட்டுவிட்டுப் போவான், சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போவான், நடுவில் ஒரு பகல் முழுக்க அவள் நூல் நூலாக வெட்டித் தள்ளுவாள், வெட்டின பிசிறு மின்விசிறிக் காற்றுக்கு நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்து என் பாயோரம் சேர்கிறது. பஞ்சு என்னை விடாது போலிருக்கிறது. மில்லில் இருந்த காலத்தில் மூக்கில் இருந்தது, காதில் இருந்தது, சோற்றில் இருந்தது, மில்லை மூடின பிறகும் ஒரு வருசம் இருமினால் வந்தது. இப்போது அதே காம்பவுண்டில் ராத்திரி செக்யூரிட்டியாக நிற்கிறேன், மில் இருந்த இடத்தில் ஆன்லைன் பார்சல் குடோன், நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் ஓடின தரையில் பார்சல் நகர்த்துகிற பெல்ட் ஓடுகிறது, நான் ஃபிட்டராக உள்ளே போன அதே கேட்டில் இப்போது விசிலும் டார்ச்சுமாக வெளியே நிற்கிறேன். வெயில் ஏறிவிட்டது. ஜன்னலுக்குக் கறுப்புப் பாலித்தீன் ஒட்டியிருந்தும் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் பிளந்துகொண்டு வந்து எதிர்ச் சுவரில் விழுகிறது, விழுகிற இடத்துக்குக் கீழே தரணீதரனின் முதுகு. என் மகன். டிப்ளமோ மெக்கானிக்கல். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். நான் ராத்திரி முழுக்க நின்றவன், படுக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, அவனுக்கு என்ன காரணம் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. காலையில் டூட்டி முடிந்து வந்ததும் நான் முதலில் செய்கிற காரியம் அந்தப் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுதான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வசந்தாமணியும் அதையேதான் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும், அவளும் என்னிடம் சொன்னதில்லை.

காலையில் பேப்பரில் போட்டிருந்தார்கள், நம் வட்டாரத்தில் வேலையின்மை குறைந்திருக்கிறதாம், புது வேலைகள் பெருகியிருக்கிறதாம், பக்கத்தில் ஒரு படம், அம்புக்குறி மேலே மேலே போகிறது. கேட்டில் பகல் டூட்டிக்கு வந்த மாரப்பன் அதைக் காட்டி, "பாத்தீங்களாண்ணா, நம்மூரு எங்கயோ போயிருச்சு, நாமதான் இந்தக் கேட்டுலயே நின்னுட்டோம்" என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். எட்டாவதோடு நின்றவன் நான், கிளை நூலகத்திலும் கேட் மேசையில் கிடக்கிற பழைய பேப்பரிலும் படித்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம், தெரிந்துகொண்டால் வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. பத்துப் பேர் வேலை தேடுகிறார்கள் என்று வை மாரப்பா, ஒருத்தனுக்குக் கிடைக்கிறது, நாலு பேர் வெறுத்துப்போய்த் தேடுவதை விட்டுவிடுகிறார்கள், மிச்சம் எத்தனை பேர் தேடுகிறவர்கள், அஞ்சு, பத்து அஞ்சாகிவிட்டது, கை தட்டு என்றேன். "ஏண்ணா, அந்த நாலு பேரு எங்க போவாங்க?" என்றான். எங்கேயும் போகமாட்டார்கள், வீட்டிலேயே இருப்பார்கள், கணக்கில் மட்டும் வேறு கட்டத்துக்குப் போய்விடுவார்கள் என்றேன். "உங்களுக்கு எதைப் பாத்தாலும் எழவு வூடுதாண்ணா, ஒரு நல்லது போட்டா சந்தோசமா படிக்கத் தெரியாது, போங், போய்த் தூங்குங்" என்று விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அவன் சொல்வதும் சரிதான். பொய்யென்று நான் சொல்லவில்லையே. அம்புக்குறி பொய்யில்லை. நான் வேலையில் இருக்கிறேன், வசந்தாமணி வேலையில் இருக்கிறாள், முன்னே ஒரு சம்பளத்தில் நடந்த குடும்பத்தில் இன்றைக்கு ரெண்டு பேர் வேலை பார்க்கிறோம் என்றால் வளர்ச்சிதானே. மில்லை மூடினபோது வேலை போன ஆளும் நான்தான், குடோன் திறந்தபோது வேலை கிடைத்த ஆளும் நான்தான், ஆனால் திறந்ததற்கு மேடை போட்டார்கள், மூடினதற்கு ஒரு பூட்டுத்தான். என்னத்துக்கு இதையெல்லாம் இப்போது, தூங்கு, தூங்கு, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிட்டென்கிறது, எண்ணெய் விடவேண்டும், ஒரு ஃபிட்டரின் வீட்டு மின்விசிறி.

ஓசூரிலும் அப்படித்தான் நடந்தது. அங்கே ஒரு கம்பெனியில் தரணியை ட்ரெய்னி என்று எடுத்தார்கள், ஒரு வருசம், அது முடிந்ததும் அந்த பேட்ச் பிள்ளைகளை எல்லாம் அனுப்பிவிட்டுப் புது பேட்ச்சை எடுத்தார்கள், புது பேட்ச் எடுத்ததும் பேப்பரில் வந்தது, இத்தனை இளைஞர்களுக்கு வேலை என்று, நானே படித்தேன், படித்துவிட்டு இதில் நம் பையன் பெயர் இல்லையே என்று ஒரு நிமிசம் பைத்தியக்காரன் மாதிரி தேடினேன், பேப்பரில் பெயரா போடுவார்கள். போகும்போது ஒரு நீலப் பக்கெட் வாங்கிக்கொண்டு போனான், பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பக்கெட்டுக்குள் துண்டு, சோப்பு, அவன் அம்மா வறுத்துக்கொடுத்த நிலக்கடலை. திரும்பி வரும்போதும் பக்கெட்டோடுதான் வந்தான். அது இப்போது குளியலறையில் இருக்கிறது, கைப்பிடி உடைந்து கயிறு கட்டியிருக்கிறது. வந்த புதிதில் தேடினான். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத் தேடினான். அவன் போன் டிங்கென்று அடிக்கும், வேலை காலி இருக்கிறதென்று சொல்கிற அந்த ஆப், பகலில் எனக்குத் தூக்கம் போகும், எரிச்சலாக வரும், "டேய், அந்தச் சனியனை வாயை மூடச் சொல்லு" என்று கத்தியிருக்கிறேன். கோயம்புத்தூர் போனான், பல்லடம் போனான், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய்ச் சாயங்காலம் கசங்கி வந்தான். பிறகு ஒருநாள் டிங் நின்றுவிட்டது. எந்த நாள் என்று எனக்குத் தெரியவில்லை, நல்ல தூக்கம் என்று நினைத்து எழுந்த ஏதோ ஒரு நாள். அதற்கப்புறம் அந்தச் சத்தத்துக்காகக் காது ஏங்கிக் கிடக்கிறது, பக்கத்து வீட்டில் எதுவோ டிங்கென்றால்கூட நெஞ்சு ஒருமுறை எழுந்து உட்கார்கிறது. ஆட்களை மூன்று கட்டத்தில் போடுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். வேலை செய்கிறவர்கள் ஒரு கட்டம். வேலை இல்லாமல் தேடுகிறவர்கள் ஒரு கட்டம், அவர்களைத்தான் வேலையில்லாதவர்கள் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். மூன்றாவது கட்டம் தேடாதவர்கள், படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழடுகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களோடு சேர்த்து, தேடித் தேடி விட்டவர்கள். என் பிள்ளை இரண்டாவது கட்டத்தில் இருக்கிறானா மூன்றாவதிலா, இதுதான் எனக்குப் பகலெல்லாம் யோசனை. எந்த அப்பனாவது தன் பிள்ளை வேலையில்லாதவனாக இருக்கவேண்டும் என்று சாமியைக் கும்பிடுவானா, நான் கும்பிடுகிறேன். தேடினால் போதும். கிடைக்கவேண்டும் என்றுகூட இல்லை. தேடுகிறவன் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வருவான்.

"வசந்தாமணி, இருக்கறயா? இந்தம்மிணி சர்வே எடுக்கறதுக்கு வந்திருக்குது, நம்ம லைனு பூராம் கேக்கோணுமாமா, நாந்தான் முதல்ல உங்கூட்டுக்குக் கூட்டியாந்தேன்" என்று எதிர்வீட்டு ரங்கநாயகியக்காவின் குரல். கத்தரி நின்றது. ஒரு சின்னப் பெண்ணின் குரல், "வணக்கமுங்க்கா, என் பேரு ரெஜினா. வேலை நிலவரம் பத்தின சர்வேங்க, பத்து நிமிசம் போதுமுங்க." நான் கண்ணைத் திறந்தேன். நடைக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு திரைத்துணி, அதன் கீழே இடைவெளியில் ரெண்டு ஜோடிக் காலும் ஒரு பனியன் குவியலும் தெரிந்தன. இதுவா, இப்படித்தானா எடுக்கிறார்கள், அந்த அம்புக்குறி இந்த நடையிலிருந்தா புறப்படுகிறது, நான் ஏதோ பெரிய கட்டடத்துக்குள் இருந்து வருகிறதென்று நினைத்திருந்தேன். வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க என்று கேட்டாள். "குடோன்ல செக்யூரிட்டிங்க, நைட்டு. உள்ள தூங்கறாரு, மெதுவாப் பேசு கண்ணு." நீங்கக்கா? "நானெங்கம்மிணி வேலைக்குப் போறேன், வூட்ல சும்மாதான் இருக்கறேன்." அந்தப் பெண் சிரித்தாள், "இந்தத் துணியெல்லாங்க்கா?" "இது சும்மா பொழுது போகாம வெட்டறதுங்க." ரங்கநாயகியக்கா விடுவாளா, "பொழுது போகாமயா, ராத்திரி பத்து மணிக்கும் லைட்டைப் போட்டுட்டு வெட்டீட்டிருக்கறா கண்ணு, எழுதிக்கோ" என்றாள். "போன ஏழு நாள்ல ஒரு மணி நேரம் பண்ணியிருந்தாலும் வேலைதானுங்க்கா, நீங்க வேலை பாக்கறீங்க" என்றது அந்தப் பெண், ஏதோ பரிசு கொடுப்பது மாதிரி. வசந்தாமணி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. "வேற யாருங்க வூட்ல?" என்று அடுத்த கேள்வி. தரணியின் முதுகைப் பார்த்தேன். போர்வை ஏறி நின்றது. இறங்கவில்லை.

"பையன் ஒருத்தன்" என்றாள் வசந்தாமணி. "ஓசூர்ல கம்பெனில இருக்கறான்." சொல்லிவிட்டாள். இந்த லைன் வீட்டுக்காரர்களுக்குச் சொல்கிற அதே வார்த்தை, அதே ராகம். அவன் ஓசூரிலிருந்து லீவில் வந்திருப்பதாகவும், ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் அடிக்கடி வந்து போவதாகவும் இந்த லைனில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் நம்புவதில்லை, யாரும் கேட்பதுமில்லை, தன் மருமகன் துபாயில் இருப்பதாக ரங்கநாயகியக்கா சொல்வதை நாங்களும் துருவிக் கேட்காமல் இருக்கிறோம், அது இங்கே ஒருத்தருக்கொருத்தர் செய்துகொள்கிற மரியாதை. ரங்கநாயகியக்கா அங்கேயே நிற்கிறாள், அவள் முன்னால் வேறென்ன சொல்வாள், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேனா. "அங்கயே தங்கியிருக்கறாருங்களா? எத்தன மாசமாச்சுங்க?" "அது ஆச்சு கண்ணு, வருசத்துக்கு மேல." அந்தப் பெண் கண்ணாடியில் எதையோ விரலால் தட்டுகிற சத்தம், டேப்லெட் போலிருக்கிறது. "அப்டீன்னா அவர இந்த வூட்ல சேக்க முடியாதுங்க்கா. ஆறு மாசத்துக்கு மேல வெளில இருந்தா அங்க தங்கற எடத்துலதான் கணக்கு வரும். இங்கிருந்து எடுத்தர்றேன். வூட்ல ரெண்டே பேருதானுங்களே?" நறுக்கென்று ஒரு சத்தம், வசந்தாமணி பழக்கத்தில் ஒரு நூலை வெட்டியிருக்க வேண்டும். "ரெண்டே பேருதானுங்" என்றாள். ரெண்டே பேர். ஓசூரில் அவன் இருந்த அறையில் இப்போது வேறு நாலு பையன்கள் இருப்பார்கள், அங்கே ஒரு ரெஜினா போய்க் கேட்டால் அவர்கள் நாலு பேர் என்பார்கள், அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை, இரண்டாவது கட்டமா மூன்றாவது கட்டமா என்று நான் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் எதற்கு, கட்டத்துக்கு வெளியே ஒரு இடம் இருப்பது எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் வீட்டில் ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் வேலை. நூற்றுக்கு நூறு. போட்டுக்கொள், அம்புக்குறியை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடு. பெற்றவளே எடுத்துவிட்டாள், பாவி, இல்லை, அவளைச் சொல்லக்கூடாது, அவள் அவனை எடுக்கவில்லை, அவன் மானத்தைத்தான் மூடினாள், போர்வை இழுத்து மூடுவது மாதிரி, ஆனால் முகத்துக்கு மேலேயும் இழுத்துவிட்டாள். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். எனக்குக் கேட்கிறதென்றால் அவனுக்கும் கேட்கிறது, ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்தான் தரை. எழுந்துபோய்ச் சொல்லலாம். சொன்னால் ரங்கநாயகிக்கு முன்னால் வசந்தாமணி பொய்க்காரியாவாள், நாளைக்குத் தண்ணிக் குழாயில் அவள் எப்படி நிற்பாள். சொல்லாவிட்டால் இவன். சொன்னால் அடுத்த கேள்வி வரும், தேடுகிறாரா என்ற கேள்வி, அதற்கு இவன் காதுபட ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கும், இந்த வீட்டில் யாரும் கேட்காமல் காப்பாற்றி வைத்திருக்கிற கேள்வி அது. சொல்லாவிட்டால் அந்தக் கேள்வி வராது. வராமலே போய்விடும். போர்வை இறங்கியது, மெதுவாக, காற்றுப் போகிற மாதிரி. அவன் திரும்பவில்லை. "சரிங்க்கா, முடிஞ்சுது, அவ்ளோதானுங்" என்றது வெளியே.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, லுங்கியை இறுக்கிக்கொண்டு திரையைத் தள்ளினேன், வெயில் கண்ணில் அறைந்தது, மூன்று பெண்களும் பேய் வந்தது மாதிரி பார்த்தார்கள். "மூணு பேரும்மா" என்றேன். என் குரல் எனக்கே கரகரவென்று கேட்டது. "பையன் இங்கதான் இருக்கறான். ஓசூரெல்லாம் முடிஞ்சுபோச்சு. உள்ளதான் படுத்திருக்கறான்." வசந்தாமணி என்னைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த பனியனைப் பார்த்தாள், ஒரு வெள்ளைப் பனியன், அதை மெல்ல மடித்தாள், பிறகு பிரித்தாள். ரங்கநாயகியக்கா தெருவைப் பார்த்தாள். "அய்யோ, அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டேன்" என்று விடுவிடுவென்று போனாள், பதினொன்றரை மணிக்கு யார் வீட்டில் பால் காய்கிறது, நல்ல மனுசி, நல்ல மனுசி. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசு, முகமெல்லாம் வேர்வை, "பரவால்லீங்ப்பா, திரும்பச் சேத்தர்றேன்" என்று டேப்லெட்டில் முந்தின கேள்விகளுக்குத் திரும்பிப் போய்த் தேடினாள். பேர், வயசு, படிப்பு. எல்லாம் சொன்னேன். ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது ஏதாச்சும் வேலை? இல்லை. "வேலை தேடுனாருங்களா? அப்ளிகேசன் போட்டாரு, தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டாரு, ஏதாச்சும்?" வாயைத் திறந்தேன். தேடுகிறான் என்று சொல்லிவிட்டால் போதும், யார் வந்து பார்க்கப் போகிறார்கள், ஒரே ஒரு வார்த்தை, அவன் இரண்டாவது கட்டத்தில் இருப்பான், நாட்டில் உள்ள மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நிற்பான், இந்த மாசத்து வேலையின்மை எண் ஒரு நூலளவு ஏறும், அந்த நூலளவு என் பிள்ளை. "தேட..." என்றேன். "இல்லீங்க" என்றது உள்ளேயிருந்து. தரணியின் குரல். கோபமில்லை, அழுகையில்லை, விலாசம் கேட்டவருக்குச் சொல்கிற மாதிரி. "தேடலீங்க." வசந்தாமணியின் கையிலிருந்த கத்தரி தரையில் விழுந்தது. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவள் இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும் போலிருக்கிறது, தயங்கித் தயங்கித் திரையைப் பார்த்தே கேட்டாள், "அண்ணா, வேலை கிடைச்சா போகத் தயாரா இருக்கீங்களாங்?" உள்ளே மின்விசிறி கிட்டென்றது. மறுபடி கிட்டென்றது. நாங்கள் மூன்று பேரும் ஒரு துணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "எதாச்சும் ஒண்ணு சொல்லோணுங்ப்பா, ஆமான்னோ இல்லைன்னோ. பதில் போடாம இது அடுத்ததுக்குப் போகாதுங்" என்றாள் அவள் என்னிடம், கெஞ்சுகிற மாதிரி. "தெரியலைன்னு இல்லியாம்மா?" "இதுல இல்லீங்." அவள் விரல் கண்ணாடிக்கு மேலே நின்றது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு சிவப்புத் துண்டு காய்ந்தது, அதையே பார்த்தேன். "நீயே ஏதாச்சும் போட்டுக்க கண்ணு" என்றேன். அவள் போட்டாள். எதைப் போட்டாள் என்று நான் பார்க்கவில்லை. தண்ணீர் கேட்டாள், வசந்தாமணி கொண்டுவந்து கொடுத்தாள், அண்ணாந்து குடித்துவிட்டு, "நானும் காண்ட்ராக்ட்தானுங்க்கா, இந்த ரவுண்டு முடிஞ்சா எனக்கும் இல்லீங்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

நான் உள்ளே வந்தேன். தரணி எழுந்து உட்கார்ந்திருந்தான், சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. தாடி இவ்வளவு வளர்ந்திருக்கிறதா, முதுகையே பார்த்துப் பார்த்து எனக்கு முகம் மறந்துபோயிருந்தது. இவன் முன்னால் என்ன பேசுவது, எனக்குத் தெரிந்ததெல்லாம் வட்டாரத்து விகிதம், ஆண் எவ்வளவு பெண் எவ்வளவு, டவுன் எவ்வளவு கிராமம் எவ்வளவு, ஏறினால் ஏன், இறங்கினால் ஏன். "என்னப்பா போட்டாங்க?" என்றான். அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு எத்தனை மாசம் என்று யோசித்தேன், பிறகு அந்தக் கேள்வியை யோசித்தேன், அவனுக்குத் தெரியவேண்டும், தான் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியவேண்டும், நானோ அந்த நேரத்தில் எதிர்வீட்டுத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பொய் சொல்லலாம், ஆமாம் என்று போட்டாள் என்பதா இல்லை என்று போட்டாள் என்பதா, எந்தப் பக்கம் பொய் சொல்வது என்றும் தெரியவில்லை.

"வூட்ல மூணு பேருன்னு போட்டிருக்காங்க சாமி."

என் முகத்தையே பார்த்தான். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"அவ்ளோதானாப்பா?"

"அவ்ளோதான்" என்றேன்.